புகை வைத்த தாத்தா

ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் எங்கள் ராஜபாளையத்துக்குப் பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யப்படுகின்றன. அந்த ஊர் வழியாகப் பல வருஷம் பஸ்ஸில் போய்வந்த காரணத்தால் எனக்கும் பாதி மருத்துவம் தெரியும் என்றொரு எண்ணம் நெடுநாளாக இருந்தது. மீதிப் பாதியை டாக்டர்களுக்கென்று பெருந்தன்மையாக விட்டுவைத்திருந்தேன்.

போதாக்குறைக்கு ஊரை ஒட்டி சஞ்சீவி மலை வேறு. அனுமார் தூக்கிக்கொண்டு பறந்தபோது விழுந்த துண்டு என்பார்கள். எந்த மூலிகை என்று தெரியாததால் அவர் மலையையே பெயர்த்துக்கொண்டு வந்தார். எனக்கும் எந்த மருந்து என்று தெரியாதுதான். மெடிக்கல் ஷாப்பைப் பெயர்க்கிற பலம் இல்லாததால் அங்கே அக்கவுண்ட் மட்டும் வைத்திருந்தேன்.

இந்தத் தகுதிகளோடு ஒரு ஐந்து மாதக் கைக்குழந்தையின் இழுப்புக்கு நான் வைத்தியம் பார்த்த கதை இது. குழந்தை நன்றாக இருக்கிறான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதில் என் பங்கு எதுவும் இல்லை என்பதையும் கூடவே சொல்லிவிடுவது நல்லது.

மகள் பிரசவத்துக்கு வந்து, பிள்ளை பெற்று, இன்னும் புகுந்த வீட்டுக்குக் கிளம்பாமல் இருந்த மார்கழி அது. பேரனுக்கு முதலில் மூக்கு ஒழுகியது. பிறகு இருமல். அப்புறம் ஒரு ராத்திரி, நெஞ்சில் காதை வைத்தால் உள்ளே மெல்லிசாக விசில் சத்தம். ‘கணை’ என்றாள் என் மனைவி. ‘வீசிங்’ என்றாள் மகள். ‘ஆஸ்துமா’ என்றேன் நான். பிள்ளைக்குப் பெயர் வைத்தபோதுகூட எங்களுக்குள் இவ்வளவு கருத்து வேறுபாடு வந்ததில்லை.

மகள் விவரமானவள். “அப்பா, ஒரு நிமிஷம் முழுசா இவன் மூச்சை எண்ணுங்க. ஐம்பதைத் தொட்டா டாக்டர்கிட்ட ஓடணும்” என்றாள். உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு அது. ரெண்டு மாசத்துக்குள் இருக்கிற குழந்தைக்கு நிமிஷத்துக்கு அறுபது, அதற்கு மேல் ஒரு வயசு வரை ஐம்பது, ஒரு வயசிலிருந்து ஐந்து வயசு வரை நாற்பது. அந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ வேக மூச்சு.

ஆயுசில் பாதியை மில்லில் கணக்கு எழுதியே கழித்தவன் நான். எண்ணும் வேலையை என்னிடம் கொடுத்ததில் ஒரு நியாயம் இருந்தது. கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒன்றுவிடாமல் எண்ணினேன். தொண்ணூற்றாறு. வீட்டில் அதற்கப்புறம் யாரும் உட்காரவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு குழந்தைகள் டாக்டர் இருக்கிறார், இள வயதுப் பெண். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரை மதுரை ரோட்டில் பறந்து போய்ச் சேர்ந்தபோது கோயில் பக்கம் ஒலிபெருக்கியில் திருப்பாவை ஆரம்பித்திருந்தது. பேரன் காரிலேயே தூங்கிவிட்டான். தூங்குகிற பிள்ளையின் சட்டையைத் தூக்கிவிட்டு, டாக்டர் பொறுமையாக ஒரு நிமிஷம் எண்ணினார். நாற்பத்தெட்டு.

“ஐயா, நீங்க எப்படி எண்ணுனீங்க?”

சொன்னேன்.

“ஏறுறதும் இறங்குறதும் சேர்ந்துதான் ஐயா ஒண்ணு.”

மூச்சு உள்ளே போவதை வரவிலும் வெளியே வருவதைச் செலவிலும் பதிந்து, கடைசியில் இரண்டையும் கூட்டியிருக்கிறேன். மில்லில் இப்படி ஒரு ஐந்தொகை போட்டிருந்தால் பென்ஷன் வரைக்கும் விட்டுவைத்திருக்க மாட்டார்கள்.

பிள்ளையின் கால் கட்டைவிரலில் ஒரு கிளிப்பை மாட்டி ஆக்சிஜன் பார்த்தார். பால் குடிக்கிறானா, மூத்திரம் போகிறானா என்று கேட்டார். ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். ‘பிராங்கியோலைட்டிஸ்’ என்றார். நாங்கள் மூன்று பேரும் சொல்லாத நாலாவது பெயர்.

“புகை வைக்கலையா டாக்டர்?” என்றேன். நெபுலைசர் வைப்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். புகை வைக்காமல் வீட்டுக்கு அனுப்புகிற ஆஸ்பத்திரி எங்கள் கணக்கில் ஆஸ்பத்திரியே இல்லை. “வேண்டாங்கய்யா. இவனுக்கு அது பெருசா உதவாது” என்றார் அவர். மூக்கில் விட உப்புத்தண்ணீர்ச் சொட்டு. கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால். விலா எலும்புக்கு நடுவில் குழி விழுந்தாலோ, வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூடக் குடிக்காவிட்டாலோ, உதடு நீலமானாலோ, மூச்சு நடுநடுவே நின்று நின்று வந்தாலோ, “என்னைத் தேடி இவ்வளவு தூரம் வராதீங்க, பக்கத்துல எது இருக்கோ அந்த ஆஸ்பத்திரிக்கு ஓடிருங்க.” அவ்வளவுதான். ஊசி இல்லை, புகை இல்லை, சிரப்கூட இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம் கொடுத்த ஃபீஸை நினைத்து எனக்குத்தான் லேசாக மூச்சு வாங்கியது.

ராஜபாளையம் வந்ததும் முதல் வேலையாக ஒரு நெபுலைசர் மெஷின் வாங்கினேன். மருந்துக்குச் சீட்டு வேண்டுமே? பக்கத்து வீட்டு அண்ணாச்சி தன் ஆஸ்துமாவுக்கு வாங்கிய பழைய சீட்டு ஒன்றைக் கொடுத்து உதவினார். அண்ணாச்சிக்கு எழுபது வயசு, பேரனுக்கு ஐந்து மாதம். நடுவில் இருக்கிற அறுபத்தொன்பது சொச்சத்தை நான் பெரிதுபடுத்தவில்லை.

மெஷினை ஆன் செய்தால் தறி ஓடுகிற சத்தம் வருகிறது, புகையும் வருகிறது, ஆனால் சூடு வரவில்லை. ஆவி பிடிப்பது என்றால் சூடாகத்தானே இருக்க வேண்டும்? மட்டமான மெஷினைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைக்கே தூக்கிக்கொண்டு போய்ச் சண்டை போட்டேன். கடைப் பையன் நிதானமாக விளக்கினான்: இது ஆவியே இல்லை, உள்ளேயிருக்கும் கம்ப்ரசர் காற்றை வேகமாகத் தள்ளி மருந்தைப் பொடிப்பொடித் துளிகளாக உடைக்கிறது, குளிர்ச்சியாகத்தான் இருக்கும். “சார் என்ன படிச்சிருக்கீங்க?” என்றும் கேட்டான். தெரிந்துகொள்ளும் ஆர்வத்தில் கேட்டதாக எடுத்துக்கொண்டேன்.

அதோடு விட்டேனா? மருந்தோடு ரெண்டு சொட்டு கற்பூரவல்லிச் சாறும் விட்டால் இங்கிலீஷ் வைத்தியமும் நாட்டு வைத்தியமும் கைகோத்து வேலை செய்யுமே என்று தோன்றியது. இலையைக் கசக்கிக்கொண்டிருந்தபோது மகள் பார்த்துவிட்டாள். கண்டதையும் அந்தக் கப்பில் ஊற்றினால் நேரே நுரையீரலுக்குப் போகும் என்று அவள் போட்ட சத்தத்தில் அண்ணாச்சி வீட்டில் விளக்கு எரிந்தது. கசக்கிய இலையை மனைவி வீணாக்கவில்லை. கடலைமாவில் தோய்த்து பஜ்ஜி போட்டுவிட்டாள். அன்றைய வைத்தியத்தில் பலன் தந்த ஒரே பகுதி அதுதான்.

மகளும் மருமகனும் வெளியே போயிருந்த ஒரு மாலையில் சுபகாரியத்தை ஆரம்பித்தேன். மாஸ்க்கை முகத்தில் வைத்ததும் பேரன் வீறிட்டான். “அழட்டும், அழுதாத்தான் நல்லா உள்ள இழுப்பான்” என்று மனைவிக்குத் தைரியம் சொன்னேன். நிஜம் நேர் எதிர். அழுகிற பிள்ளை நீளமாக மூச்சை வெளியே விட்டு, வெடுக்கென்று உள்ளே இழுக்கிறது. அந்த வேகத்தில் மருந்து தொண்டையிலேயே மோதி நின்றுவிடும். நுரையீரல் வரை போவது மிகக் கொஞ்சம். சரி, அழ வேண்டாமே என்று மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தேன். அப்படிப் பிடித்தால் மிகக் கொஞ்சமும் போகாது. பெரும்பகுதி என் மூக்குக்குத்தான் வந்திருக்க வேண்டும். அன்றைக்கு இருமாமல் தூங்கியவன் நான்தான்.

பேரனும் அழுது களைத்துத் தூங்கினான். “பாத்தியா, மருந்து வேலை செய்யுது” என்றேன். அடுத்தடுத்த நாட்களில் விசில் குறைந்தது, பால் குடித்தான், சிரித்தான். காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு நானே காக்காயாக உட்கார்ந்திருந்தேன், கீழே கிடந்த பழத்தைப் பார்த்து எனக்கு அவ்வளவு பெருமை.

இந்த நோய் பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்கும். இருமல் மட்டும் மூன்று வாரம் வரைகூட இழுத்துக்கொண்டு கிடக்கும். நான் மெஷினைக் கையில் எடுத்தது அது இறங்க ஆரம்பித்த பிறகு. அந்த நேரத்தில் வேப்பிலை அடித்திருந்தாலும் கேட்டிருக்கும். வேப்பிலைக்குக் கரண்ட் செலவும் இல்லை.

மறுபடி காட்டப் போனபோது டாக்டரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு பேப்பரை எடுத்துக் குழாய் படம் போட்டார். திட்டியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும்.

“ஐயா, சால்பியூட்டமால்ங்கிற இந்த மருந்து மூச்சுக்குழாயைச் சுத்தியிருக்கிற தசையைத் தளர்த்தும். ஆஸ்துமாக்காரங்களுக்கு அந்தத் தசை இறுகிக்கிடும், அதனால கேக்கும். இவனுக்கு இறுகுனது தசை இல்ல. வைரஸ் வந்து உள்சுவர் வீங்கி, சளியும் செத்துப்போன செல்லும் அடைச்சுக் கெடக்கு. தசையைத் தளர்த்தி என்ன பண்ண?”

மில்லில் ஏர் டக்டுக்குள் பஞ்சு அடைத்துக்கொண்டால் வெளியே இருக்கிற கிளாம்ப்பை லூஸ் பண்ணிப் பிரயோஜனம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஒருவர் அப்படிப் பண்ணி மெமோ வாங்கினார். அந்த ஒருவர் யார் என்பது இங்கே முக்கியமில்லை.

“நாலு மில்லிமீட்டர் அகலக் குழாய். சுத்தி ஒரு மில்லிமீட்டர் வீங்கினா ரெண்டு மில்லிமீட்டர் ஆயிரும். காத்து போறது எவ்வளவு கஷ்டமாகும், சொல்லுங்க?” என்றார். பாதி அகலம் என்றால் ரெட்டிப்புக் கஷ்டம், இதில் என்ன இருக்கிறது? “ரெண்டு மடங்கு” என்றேன். “பதினாறு மடங்கு. உங்களுக்கு எட்டு மில்லிமீட்டர் குழாய்னு வையுங்க, அதே வீக்கம் வந்தா மூணு மடங்குதான்.” அகலம் குறைந்தால் தடை நாலாம் அடுக்கில் ஏறுமாம். அதனால்தான் எங்களுக்கு வெறும் ஜலதோஷமாக வந்துபோகிற அதே வைரஸ் பச்சைப் பிள்ளைக்கு இழுப்பாகிறது. கணக்கிலும் இரண்டாவது தடவை ஃபெயிலானேன்.

ஆனால் நான் வெறுங்கையோடு போகவில்லை. இன்டர்நெட்டிலிருந்து அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் வழிகாட்டி ஒன்றைப் பிரிண்ட் எடுத்துப் பையில் வைத்திருந்தேன். ‘வழக்கமாகக் கொடுக்க வேண்டாம், ஆனால் கவனமாக ஒருமுறை கொடுத்துப் பார்க்கலாம், கேட்டால் மட்டும் தொடரலாம்’ என்று அதில் இருந்தது. நான் கொடுத்துப் பார்த்தேன், கேட்டது, ஆச்சா? மேஜையில் ஓங்கி வைத்தேன். டாக்டர் மேலோரத்தில் இருந்த வருஷத்தைக் காட்டினார். 2006.

“2014-ல மாத்திட்டாங்க ஐயா. முதல் தடவையா வர்ற பிராங்கியோலைட்டிஸுக்கு இந்த மருந்து கொடுக்காதீங்கன்னே இப்ப எழுதியிருக்கு. அடுத்த வருஷம் இங்கிலாந்துலயும் அதையேதான் சொன்னாங்க.” அதே 2014-ல் 30 ஆய்வுகளை, ஏறத்தாழ 2,000 குழந்தைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். மருந்து பெற்ற பிள்ளைகளுக்கு ஆக்சிஜனும் கூடவில்லை, அட்மிட் ஆவதும் குறையவில்லை, நோயின் நாட்களும் சுருங்கவில்லை. இதயம் படபடப்பதும் கை நடுங்குவதும் மட்டும் கூடுதல் வரவு. பழைய பஞ்சாங்கத்தை மடித்துப் பையில் போட்டேன். பிரிண்ட் பக்கத்துக்கு ஐந்து ரூபாய் கொடுத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து ஆத்திரத்தில் இன்னும் படித்தேன். சில பிள்ளைகளுக்கு இந்த மருந்து உதவாதது மட்டுமில்லை, கெடுத்தும் இருக்கிறது. 1986-ல் லான்செட் இதழில் ஓ’காலஹன், மில்னர், ஸ்வார்பிரிக் என்ற மூன்று பேர், இழுப்பு வந்த கைக்குழந்தைகளுக்குச் சால்பியூட்டமால் புகை வைத்தபின் நுரையீரலின் வேலை இன்னும் மோசமானதை அளந்து எழுதினார்கள். நான் அப்போது மில்லில் இருந்தேன். யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போனஸ் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த நேரம், காதில் விழுந்திருக்காது.

அளந்தார்கள் என்றேனே, கைக்குழந்தையை எப்படி அளப்பது? பெரியவர்களை ஒரு குழாயில் ‘ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்’ என்பார்கள். மருந்துக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை ஊதினால் வித்தியாசம் தெரிந்துவிடும். பிள்ளையிடம் ஊது என்றால் ஊதுமா? அதனால் ஆராய்ச்சிக்கூடங்களில் பிள்ளைக்குத் தூக்க மருந்து கொடுத்து, முகத்தில் மாஸ்க் வைத்து, உடம்பில் காற்றடிக்கிற ஜாக்கெட் ஒன்றை மாட்டி, அது நெஞ்சைச் சட்டென்று அமுக்க, வெளியே வரும் காற்றை அளக்கிறார்கள். “அந்த ஜாக்கெட் நம்மூர்ல கிடைக்குமா?” என்று கேட்டேன். மகள் அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு போடவில்லை.

வைரஸின் பூர்வீகத்தையும் விடவில்லை. இந்த நோய்க்கு முக்கியக் காரணமான ஆர்.எஸ்.வி. 1956-ல் அமெரிக்காவில் ஆராய்ச்சிக்கு வைத்திருந்த சிம்பன்சிகளுக்குச் சளி பிடித்தபோதுதான் முதலில் கையில் சிக்கியது. அடுத்த வருஷமே குழந்தைகளிடமும் கண்டுபிடித்தார்கள். இதை மனைவியிடம் ஆர்வமாகச் சொன்னேன். “குரங்குகிட்ட இருந்துச்சா? அப்ப உங்க வழியிலதான் வந்திருக்கும்” என்றாள்.

பெங்களூரில் இருக்கிற மகனிடம் போனில் இதையெல்லாம் விவரித்தபோதுதான் பழைய பூதம் ஒன்று கிளம்பியது. தொண்ணூறுகளில் அவன் கைக்குழந்தையாக இருந்தபோது, சளி பிடித்தால் இதே சால்பியூட்டமாலை சிரப்பாகக் கொடுத்தோம். அளவு மூடி தொலைந்துபோனதால் சமையல்கட்டு ஸ்பூனால் அளந்து ஊற்றினேன். குடித்ததும் பிள்ளை துறுதுறுவென்று இருப்பான், கை கால் ஓயாது, ராத்திரி இரண்டு மணிக்கும் கொட்டக் கொட்ட முழித்திருப்பான். ‘என்ன சுறுசுறுப்பு பாருங்க’ என்று ஜவஹர் மைதானம் வரை தூக்கிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வருவேன். அந்த மருந்துக்கு அந்த நடுக்கமும் தூக்கமின்மையும் தெரிந்த பக்கவிளைவு. “அப்ப நான் சுறுசுறுப்பான பிள்ளைன்னு இத்தனை வருஷம் சொன்னது?” என்றான் மகன். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

குழாய் படம் போட்ட அன்று, நாங்கள் கிளம்பும் முன் டாக்டர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். “வீட்டுல புகை உண்டா?” நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: “பரம்பரையிலேயே எவனும் சிகரெட் தொட்டதில்லை டாக்டர்.” “நான் சிகரெட்டை மட்டும் கேக்கல” என்றார்.

மனைவி ஆரம்பித்தாள். குளிப்பாட்டியதும் பிள்ளையைக் கவிழ்த்துப் பிடித்து சாம்பிராணி. விளக்கு வைக்கும்போது ஊதுபத்தி. வெள்ளி, செவ்வாய் வீடு முழுக்கக் குங்கிலியம். ராத்திரி தொட்டிலுக்கடியில் கொசுவர்த்திச் சுருள். அந்தக் கடைசி ஐட்டம் என் ஏற்பாடு. கொசுவிடமிருந்து பேரனைக் காப்பாற்றுகிறேனாம். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுகள் விடுகிற அளவுக்கு நுண்துகளை விடுகிறது என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு அளந்திருக்கிறது. புகை வைக்கவில்லையே என்று டாக்டரிடம் குறைப்பட்டவன் வீட்டில் விடிய விடியப் புகைதான் வைத்துக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து நான் மதம் மாறியவன். மதம் மாறியவனின் பக்தி உங்களுக்குத் தெரியும். கொசுவலை வாங்கினேன். சாம்பிராணித் தூபக்காலைப் பரணில் ஏற்றினேன். அதைத் திரும்ப இறக்க மனைவிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, பூஜை அறையோடு நிறுத்திக்கொள்வது என்று ஒப்பந்தமானது. மெஷினை வைத்துப் பேரனுக்குப் பலூன் ஊதலாம் என்று பார்த்தேன், ஊதவில்லை. பஞ்சு மார்க்கெட் பஸ் ஸ்டாப்பில் எந்தப் பிள்ளை இருமினாலும் பக்கத்தில் போய், “புகை வைக்காதீங்க, 2014-லயே நிறுத்தச் சொல்லிட்டாங்க” என்பேன். ஒரு அம்மா பஸ் வருவதற்கு முன்னாலேயே ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனது எனக்கு அப்போது உறுத்தவில்லை.

அதே வேகத்தில், ஹைதராபாதில் பத்தினி கவுட் குடும்பத்தார் ஜூன் மாதம் மிருகசிரா கார்த்தியன்று ஆஸ்துமாவுக்குக் கொடுக்கிற மீன் மருந்துக்கு அண்ணாச்சி டிக்கெட் போடக் கிளம்பியபோதும் குறுக்கே விழுந்தேன். உயிருள்ள சின்ன விரால் மீனின் வாயில் மருந்தைத் திணித்து அதை அப்படியே விழுங்க வைப்பார்கள். சைவக்காரருக்கு வெல்லத்தில் உண்டு. 1845 முதல் கொடுப்பதாகச் சொல்கிறார்கள். “ஆதாரம் இருக்கா அண்ணாச்சி, ஆதாரம்?” என்று கேட்டேன். “என் சீட்டை வாங்கிட்டுப் போய் அஞ்சு மாசப் பிள்ளைக்கு மருந்து வாங்குனீங்களே, அன்னைக்கு எங்க போச்சு ஆதாரம்?” என்றார். பதில் சொல்ல எனக்கு அவசரமாக வேலை வந்துவிட்டது.

பேரனுக்கு ஒரு வயசு முடிந்து ரெண்டு மாசம். சாரல் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கி ஊரையே குளிர்விக்கிற ஆவணி மாதக் கடைசி. திரும்பவும் விசில். இடையில் ஒருமுறை வந்து தானாக அடங்கியிருந்தது. இந்தத் தடவை விலாவுக்கடியில் லேசாகக் குழியும் விழுந்தது. மகள் உடனே காரை எடுக்கச் சொன்னாள். போகிற வழியில் நான் பாடம் நடத்தினேன்: “மூக்குக்குச் சொட்டு, அடிக்கடி பால். வேற ஒண்ணும் செய்ய மாட்டாங்க, பாரு.”

டாக்டர் பிள்ளையின் முழங்கை மடிப்பைப் பார்த்தார். சொரசொரப்பாக, சிவப்பாக, கொஞ்ச நாளாகச் சொறிந்துகொண்டிருந்த இடம். “அப்பா வழியில யாருக்காவது ஆஸ்துமா உண்டா?” என்று கேட்டார். “எங்களுக்குத் தெரிஞ்சு இல்ல டாக்டர்” என்று முந்திக்கொண்டேன். மருமகன் மெல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டு பையிலிருந்து ஒரு இன்ஹேலரை எடுத்துக் காட்டினார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அது அவர் பையில் இருக்கிறது. ஜாதகத்தைப் பத்துப் பொருத்தம் பார்த்தவன் நான். பையைப் பார்க்கவில்லை.

டாக்டர் ஒரு பிளாஸ்டிக் உருளையை எடுத்தார். ஒரு முனையில் குட்டி மாஸ்க், மறுமுனையில் இன்ஹேலர். அம்மா மடியில் பிள்ளை அமைதியாக இருக்கும்போது, மாஸ்க்கை முகத்தில் இடைவெளியில்லாமல் பதித்து, மருந்தை அமுக்கி, சில மூச்சு எடுக்கும்வரை பிடித்தார். உள்ளே என்ன மருந்து என்று எட்டிப் பார்த்தேன். சால்பியூட்டமால்.

“டாக்டர்!” என்று எழுந்துவிட்டேன். “2014-லயே…”

“அது பிராங்கியோலைட்டிஸுக்கு ஐயா. இவனுக்கு ஒரு வயசு தாண்டியாச்சு, திரும்பத் திரும்ப வருது, தோல்ல எக்ஸிமா, அப்பாவுக்கு ஆஸ்துமா. இவனுக்குத் தசையும் இறுகுதான்னு கொடுத்துப் பாத்தாத்தானே தெரியும்? கேட்டா வச்சுக்குவோம். கேக்கலைன்னா விட்டுருவோம்.”

இந்த ‘கொடுத்துப் பார்ப்பது’ எனக்குத் தெரிந்த கொடுத்துப் பார்ப்பது இல்லை. கொடுக்கும் முன் மூச்சை எண்ணி எழுதினார். கொடுத்தபின் கால் மணி நேரம் போல உட்கார வைத்தார். பிறகு மறுபடி எண்ணினார், குழி விழுகிறதா என்று பார்த்தார், நெஞ்சைக் கேட்டார். வீசிங்கோடு வேக மூச்சோ நெஞ்சுக் குழியோ இருக்கிற பிள்ளையை ‘நிமோனியா’ என்று முத்திரை குத்துமுன், 15-20 நிமிஷ இடைவெளியில் மூன்று தடவை வரை இப்படிக் கொடுத்து எண்ணிப் பார்க்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனத்தின் கையேடே இருக்கிறது. நான் செய்ததில் கொடுப்பது மட்டும்தான் இருந்தது. பார்ப்பது இல்லை.

மருந்துக்கு முன் ஐம்பத்திரண்டு. பின், முப்பத்தெட்டு. குழி இல்லை, விசில் இல்லை. பேரன் டாக்டரின் பேனாவைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். எனக்குப் பேரன் தேறிய சந்தோஷம் ஒரு பக்கம். பஞ்சு மார்க்கெட் பஸ் ஸ்டாப்பில் சொன்னதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது ஒரு பக்கம்.

“அப்ப இவனுக்கு ஆஸ்துமாதானா?” என்று மகள் கேட்டாள். இப்போதே சொல்ல முடியாது என்றார். அமெரிக்காவில் டூசான் என்ற, எங்கள் விருதுநகர் ஜில்லாவுக்குப் பங்காளி முறையான வெயிலூரில், 1980 முதல் ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்திருக்கிறார்கள். மூன்று வயசுக்குள் மூன்றில் ஒரு பிள்ளைக்கு ஒரு தடவையாவது வீசிங் வந்தது. அவர்களில் ஏறக்குறைய அறுபது சதவீதம் பேருக்கு ஆறு வயசில் அது இல்லவே இல்லை. 1995-ல் வந்த கணக்கு. எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல மட்டும் யாராலும் முடியவில்லை. என்னால் முடியும் என்று ஒரு வருஷம் முன்புவரை நினைத்திருந்தேன்.

அந்த உருளைக்கு ஸ்பேசர் என்று பெயர். வீட்டுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். சரியாகப் பிடித்தால் சத்தம் போடும் மெஷினுக்கு இது சளைத்ததில்லை, கரண்டும் வேண்டாம். முதல் நாளே அதைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, வேட்டி நுனியால் பளபளவென்று துடைத்து வைத்தேன். கழுவுவது சரி, துடைக்கக் கூடாது. துணியால் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் ஏறி மருந்தைச் சுவரிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றில் தானாக உலர விட வேண்டும். என்னை எதையும் தொடாமல் விட்டாலே பாதி வைத்தியம் என்று மகள் முடிவுக்கு வந்தது அன்றைக்குத்தான்.

இன்ஹேலர் பிறந்த கதையையும் படித்துவைத்தேன், இனி படிப்பது மட்டும்தானே எனக்கு அனுமதி. 1955-ல் ரைக்கர் என்ற மருந்துக் கம்பெனித் தலைவர் ஜார்ஜ் மெய்சனிடம், ஆஸ்துமாவோடு அல்லாடிய அவருடைய பதின்மூன்று வயது மகள், தலைமுடிக்கு அடிக்கிற ஸ்ப்ரே மாதிரி தன் மருந்தையும் ஏன் டப்பாவில் அடைக்கக் கூடாது என்று கேட்டாளாம். அடுத்த வருஷமே கடைக்கு வந்துவிட்டது. இதை மகளிடம் சொன்னேன். “பதிமூணு வயசுப் பிள்ளை சொன்னதை அந்த அப்பா கேட்டிருக்காருப்பா” என்றாள்.

நன்றி சொல்ல வேண்டும் என்று, அடுத்த தடவை போனபோது டாக்டருக்கு ஒரு கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு போனேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் வளர்ந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் கிளினிக் வைத்திருக்கிறவருக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே வாங்கிய பால்கோவா. ரிசப்ஷன் பெண் சிரிக்காமல் வாங்கி உள்ளே வைத்தாள். கதவிடுக்கில் பார்த்தேன், அலமாரியில் ஏற்கெனவே ஏழெட்டு டப்பா.

ஊருக்குள் இந்தக் கதை எப்படியோ பாதி பரவிவிட்டது. பிள்ளைக்கு இழுப்பு என்றால் இப்போது சொந்தக்காரர்கள் எனக்கும் போன் செய்கிறார்கள். புகை வைக்கலாமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங்கள் என்கிறார்கள். சில பிள்ளைக்குக் கேட்கும், சில பிள்ளைக்குக் கேட்காது, நிமிஷத்துக்கு எவ்வளவு மூச்சு என்று எண்ணிக்கொண்டு டாக்டரிடம் போங்கள் என்கிறேன். “அதுக்கு உங்களுக்கு எதுக்கு மாமா போன் பண்ணணும்?” என்று வைத்துவிடுகிறார்கள்.